'சபாநாயகர்' என்ற சொல்லுக்குள் அடங்காத வில்லி பிரவுன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கமலா ஹாரிஸ் பற்றிய கட்டுரைகளில் வில்லி பிரவுனின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. 'சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர்' என்ற அடைமொழியோடு ஒரு வரி வரும். சில நேரம் அதோடு வம்பும் சேர்ந்துகொள்ளும். தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. 1994இல் கலிபோர்னியாவின் வேலையின்மைக் காப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்திலும், பிறகு மருத்துவ உதவி ஆணையத்திலும் கமலாவுக்குப் பொறுப்பு கொடுத்தவர் பிரவுன். அப்போது அவர் மேயரே அல்ல. மாநிலச் சட்டப்பேரவையின் சபாநாயகர். 1980 டிசம்பரில் தொடங்கி பதினான்கரை ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தவர். அம்மாநில வரலாற்றில் வேறு எவரும் அவ்வளவு காலம் அதில் அமர்ந்ததில்லை. அந்த நாற்காலியில் ஏறிய முதல் கறுப்பினத்தவரும் அவர்தான்.

'சபாநாயகர்' என்று மொழிபெயர்த்து அதோடு விட்டுவிட்டால் தமிழ் வாசகருக்கு ஒன்றும் விளங்காது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நம் ஊரில் சபாநாயகர் என்றால் நாற்காலியில் ஏறியதும் கட்சிக் கரைவேட்டியை மறந்துவிட்டு, 'உட்காருங்கள், உட்காருங்கள்' என்று சொல்பவர். 2017இல் 18 உறுப்பினர்களின் பதவி பறிக்கப்பட்டபோதுதான் அந்த நாற்காலிக்கு எவ்வளவு வலு உண்டு என்று பலரும் கவனித்தார்கள். கலிபோர்னியாவில் நிலைமை வேறு. அங்கே சபாநாயகர் வெளிப்படையாகவே பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். அவைத் தலைவர், அவை முன்னவர், கட்சியின் தேர்தல் பொறுப்பாளர், தேர்தல் நிதி திரட்டுபவர் என்ற நான்கு வேலையும் ஒரே ஆளின் கையில். அங்கே ஆளுநர் மக்கள் வாக்கில் வருபவர், அவருக்குப் பேரவையில் இருக்கை கிடையாது. ஆகவே பேரவைக்குள் சபாநாயகருக்கு மேல் ஒருவரும் இல்லை.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். பேரவையில் 80 இடங்கள். எந்த மசோதாவும் நிறைவேறக் குறைந்தது 41 வாக்கு வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை தேவை. வராதவரும், வந்தும் பொத்தானை அழுத்தாதவரும் 'வேண்டாம்' என்று வாக்களித்ததற்குச் சமம். அதனால் அங்கே எதிர்ப்பதைவிட ஒதுங்கி நிற்பது சுலபமான ஆயுதம். எவர் எப்போது வெளியே காபி குடிக்கப் போகிறார் என்பதைக்கூடக் கணக்கில் வைத்திருப்பவர்தான் அங்கே தலைவராக நிலைக்க முடியும். இந்தக் கணக்கைப் பிரவுனைவிட நன்றாக அறிந்தவர் அவர் காலத்தில் யாரும் இல்லை.

அடுத்தது குழுக்கள். மசோதா நேராக அவைக்கு வராது, முதலில் குழுவுக்குப் போகும். குழுத் தலைவர்களையும் உறுப்பினர்களையும் நியமிப்பவர் சபாநாயகர். பெரும்பாலான மசோதாக்கள் செத்துப்போவது குழு அறையில்தான். எனவே ஒரு மசோதாவைக் கொல்ல சபாநாயகர் அதற்கு எதிராகப் பேச வேண்டியதே இல்லை. அதை விரும்பாத குழுவுக்கு அனுப்பினால் போதும். இவற்றோடு அலுவலக அறை, ஊழியர் எண்ணிக்கை, அவர்களின் சம்பளம் எல்லாமே தலைமையின் பிடியில். சொல் கேட்காத உறுப்பினருக்குக் கட்டடத்திலேயே ஆகச் சிறிய அறையை ஒதுக்குவது மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில் பழைய வழக்கம். மூன்று பேர் நின்றால் நெருக்கியடிக்கும் அறைக்கு மேசையும் கோப்பும் மாறும்போது, தலைமையோடு மோதியவர் யார் என்பது கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

பிரவுன் டெக்சஸின் மினியோலா என்ற சிற்றூரில் 1934இல் பிறந்தவர். கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளி, தனி வாசல் என்றிருந்த ஊர். 1951இல் சான் பிரான்சிஸ்கோ வந்து, கிடைத்த வேலை செய்து படித்து வழக்கறிஞரானார். 1962இல் பேரவைக்குப் போட்டியிட்டு ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் தோற்றார். 1964இல் வென்றார். 1971இல் நிதிக்குழுத் தலைவர்.

அவர் வாழ்வில் மிக முக்கியமான ஆண்டு, என் பார்வையில், வென்ற 1980 அல்ல, தோற்ற 1974. சபாநாயகர் பதவி தன் கைக்கு வந்துவிட்டது என்று அந்த ஆண்டு நம்பியிருந்தார். தன் வாக்குகள் என்று அவர் எண்ணி வைத்திருந்தவற்றில் சில, அதே கட்சிப் போட்டியாளர் லியோ மெக்கார்த்தி பக்கம் போய்விட்டன. நல்ல பேச்சாளர்தான், ஆனால் சக உறுப்பினர்களின் தேவைகளைக் காது கொடுத்துக் கேட்காதவர் என்ற பெயரும் பிரவுனுக்கு இருந்தது. தோற்றவர் ஓரங்கட்டப்பட்டார். அந்த ஒதுக்கப்பட்ட காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. வயது வந்த இருவர் மனமொப்பித் தனியறையில் கொள்ளும் உறவைக் குற்றமாகக் கருதக் கூடாது என்ற மசோதாவை 1969 முதல் ஒவ்வோர் ஆண்டும் கொண்டுவந்து தோற்றுக்கொண்டிருந்தார். 1975இல் அது பேரவையைத் தாண்டியது. மாநிலத்தின் மேலவையான, 40 பேர் கொண்ட செனட்டில் 20க்கு 20 என்று நின்றது. சமநிலையை உடைக்க வேண்டிய துணை ஆளுநர் மெர்வின் டிமாலி அன்று டென்வரில். அவர் விமானம் பிடித்து வந்து சேரும்வரை உறுப்பினர்கள் வெளியேறாதபடி செனட்டின் கதவுகளைப் பூட்டி வைத்தார் பிரவுனின் நண்பரும் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவருமான ஜார்ஜ் மாஸ்கோனி. டிமாலி வந்து வாக்களித்தார். மசோதா சட்டமானது. எந்தத் தலைமைப் பதவியிலும் இல்லாதபோது பிரவுன் செய்த வேலைகளில் இது தலையாயது.

1980க்கு வருவோம். ஜனநாயகக் கட்சிக்குள் சபாநாயகர் மெக்கார்த்திக்கும், அந்த நாற்காலிக்குப் போட்டியிட்ட ஹோவர்ட் பெர்மனுக்கும் ஓராண்டு நீண்ட சண்டை. நவம்பர் தேர்தல் முடிந்தபோது கட்சிக்குள் பெர்மன் கை ஓங்கியிருந்தது. பெர்மனுக்கு எதிராகக் களமிறங்கிய பிரவுன், கட்சியின் வாக்கை மட்டும் நம்பினால் தோற்றிருப்பார். அவர் எதிர்க்கட்சியிடம் போனார். அடுத்த ஆண்டு தொகுதி மறுவரையறை வரவிருந்தது. பெர்மனின் லாஸ் ஏஞ்சலஸ் அணி கையில் வரைபடம் போனால் தங்கள் கதி அதோகதி என்று குடியரசுக் கட்சியினர் அஞ்சினார்கள். அந்த அச்சம்தான் பிரவுனின் முதலீடு. குழுக்களில் பங்கு, ஊழியருக்கான நிதி, மரியாதையான நடத்தை ஆகியவற்றுக்கு உறுதி கொடுத்தார். 1980 டிசம்பர் 1 அன்று ஜனநாயகக் கட்சியின் 23 பேரும் குடியரசுக் கட்சியின் 28 பேரும் அவருக்கு வாக்களித்தார்கள். மொத்தம் 51. ஆட்சியைப் பிடித்தவரின் வாக்குகளில் பாதிக்கு மேல் எதிர்க்கட்சியுடையவை! நம் கட்சித் தாவல் தடைச் சட்டத்தை மனத்தில் வைத்துப் படிப்பவர்களுக்கு இது விந்தையாகத் தெரியும். அங்கே அப்படியொரு சட்டமே இல்லை, கொறடாவின் ஆணைக்குப் பதவியைப் பறிக்கும் வலுவும் இல்லை.

தோற்ற பெர்மனை அவர் பழிவாங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1982இல் பெர்மன் வாஷிங்டனுக்கு, காங்கிரசுக்குப் போனார். மெக்கார்த்தி துணை ஆளுநரானார். இரு போட்டியாளர்களும் பேரவையை விட்டு மேலே போய்விட்டார்கள். ஆனால் எதிர்க்கட்சிக்கு மறுவரையறையில் கசப்பே மிஞ்சியது. 1982 ஜூனில் அந்த வரைபடங்களை மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ஆனாலும் காலம் போதாததால் அந்த ஆண்டுத் தேர்தல் அதே வரைபடத்தில் நடந்தது.

ஆளும் நாற்காலியிலிருந்து அவர் செய்தவற்றில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. காரில் சீட் பெல்ட் கட்டுவதைக் கட்டாயமாக்கிய சட்டம் அவருடைய மசோதா, 1986 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதே 1986இல், நிறவெறி ஆட்சியில் இருந்த தென்னாப்பிரிக்காவோடு வணிகம் செய்யும் நிறுவனங்களிலிருந்து மாநில ஓய்வூதிய நிதியை விலக்கிக்கொள்ளும் சட்டம் நிறைவேறியது. மசோதா பேரவை உறுப்பினர் மாக்சீன் வாட்டர்சுடையது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவில் சபாநாயகருக்குப் பதவிவழி இடம் உண்டு. அந்த மேசையிலும் இதற்காகப் பிரவுன் வாதாடினார். எதிர்த்துவந்த குடியரசுக் கட்சி ஆளுநர் டியூக்மேஜியன் மனம் மாறிக் கையெழுத்திட்டார்.

மறுபக்கத்துக்கு ஒரு கைக்குட்டைக் கதை போதும். சாப்பாட்டு மேசையில் மடியில் விரிக்கும் துணிக் கைக்குட்டை அது. 1987 செப்டம்பரில் பேரவைக் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், சாக்ரமெண்டோவின் ஃபிராங்க் ஃபாட்ஸ் என்ற சீன உணவகத்தில் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள், உற்பத்தியாளர்கள் ஆகிய நான்கு தரப்பின் லாபியிஸ்டுகள் (தங்கள் தரப்புக்காக உறுப்பினர்களிடம் பேசி ஆதரவு திரட்டுபவர்கள்) கூடினார்கள். இழப்பீட்டு வழக்குச் சட்டங்களை யார் எவ்வளவு மாற்றலாம், யார் யாரை எத்தனை ஆண்டு சீண்டக் கூடாது என்று பேசி முடித்ததை செனட்டர் பில் லாக்கியர் அந்தத் துணியில் பேனாவால் எழுதினார். பிரவுன் அதற்குப் பின்னணி பலம். கூட்டத்தொடர் முடியும் முன் மசோதா இரு அவைகளிலும் ஓடி முடிந்தது. முறையான விசாரணை, பொதுமக்கள் கருத்து எதுவும் கிடையாது. அந்தச் சட்டத்தின் வழியாகப் புகையிலை நிறுவனங்கள் வழக்குகளிலிருந்து பாதுகாப்புப் பெற்றன. அதை நீக்க 1997வரை ஆனது. பல தரப்பு ஓயாமல் சண்டையிட்ட விவகாரத்தை ஓர் இரவில் முடித்தது திறமைதான். அந்த மேசையில் புகைபிடித்து நோயுற்றவருக்கு நாற்காலி இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. கதவை மூடிவிட்டுச் செய்யும் சமரசத்தில், உள்ளே இல்லாதவர் கணக்கில்தான் செலவு எழுதப்படும்.

1988 அவருக்குச் சோதனை ஆண்டு. கேரி காண்டிட், ரஸ்டி அரியாஸ், சார்லஸ் கால்டெரோன், ஸ்டீவ் பீஸ், ஜெரால்ட் ஈவ்ஸ் என்ற ஐந்து ஜனநாயகக் கட்சியினர் கலகம் செய்தார்கள். எதிர்க்கட்சியிடம் 36, இவர்கள் 5, கூட்டினால் சரியாக 41. பிரவுன் 1980இல் ஆடிய ஆட்டத்தையே அவருக்கு எதிராக ஆடப் பார்த்தார்கள். அவர் குழுப் பதவிகளைப் பறித்தார், அறைகளை மாற்றினார். ஆனால் கலகம் தோற்றதற்குத் தண்டனை காரணம் அல்ல. ஐந்து பேரும் 36 பேரும் ஒரே ஆளின் பெயரில் ஒத்துப்போக முடியவில்லை. நாற்காலியைக் காலி செய்ய எதிர்ப்பு மட்டும் போதாது, அதில் உட்கார ஓர் ஆளும் வேண்டும். நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குக் கூடுதல் இடம் கிடைத்ததும் 41 என்ற கூட்டல் கலைந்தது. பிறகு அவர்களைப் பிரவுன் மெல்ல மெல்ல மீண்டும் சேர்த்துக்கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரவில் பேரவைக் கட்டடத்துக்குள் நுழைந்து அலுவலகங்களைச் சோதனையிட்டார்கள். இறால் பதப்படுத்தும் போலி நிறுவனம் ஒன்றை அவர்களே உருவாக்கி, அதற்குச் சாதகமான மசோதாவைப் பணம் கொடுத்து நகர்த்திப் பார்த்திருந்தார்கள். செனட்டர்கள் பலரும், பேரவையில் குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த பேட் நோலனும் தண்டனை பெற்றார்கள். பிரவுன் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. ஆனால் பேரவை என்றாலே பணம் என்ற எண்ணம் மக்களிடம் ஊறிப்போனது. அதன் அறுவடை 1990இல்.

இந்த இடத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சபாநாயகரின் அதிகாரத்தைக் குறைக்க 1984இலேயே 24ஆம் எண் முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் வென்றது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அவையின் உள்விதிகளை வகுக்கும் உரிமையை மாநில அரசமைப்பு அவைக்கே கொடுத்திருக்கிறது, சாதாரணச் சட்டத்தால் அதில் கைவைக்க முடியாது என்பது காரணம். எதிர்ப்பாளர்கள் பாடம் கற்றார்கள். 1990இல் வந்த 140ஆம் எண் முன்மொழிவை அரசமைப்புத் திருத்தமாகவே எழுதினார்கள். அது நீதிமன்றத்தில் நின்றது. பேரவையில் இரண்டாண்டு வீதம் மூன்று தவணை, அதாவது 6 ஆண்டு. செனட்டில் 8 ஆண்டு. அதற்குமேல் வாழ்நாள் முழுக்கப் போட்டியிட முடியாது. ஓய்வூதியம் ரத்து. பேரவைச் செலவில் 38 சதவீதம் வெட்டு. சுமார் 52 சதவீதத்தினர் ஆதரித்தார்கள். பிரவுனை வெளியேற்றும் சட்டம் என்றே பலர் அதைப் புரிந்துகொண்டார்கள்.

வெட்டு எங்கே விழுந்தது என்று பார்க்க வேண்டும். பட்ஜெட்டை வரிக்கு வரி ஆராயும் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் 1941 முதல் இயங்குவது. அதன் ஆட்கள் பெரிதும் குறைந்தார்கள். பேரவைக்குக் கணக்குத் தணிக்கை செய்துவந்த அலுவலகம் மூடப்பட்டது, பின்னர் வேறு பெயரில் வேறு அமைப்பு உருவாக வேண்டியிருந்தது. தலைவரின் பணபலம் அப்படியே இருக்க, அவையின் அறிவுபலம்தான் வெட்டப்பட்டது. ஒருவரை இறக்குவதற்காக ஏணியையே உடைத்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அந்த வேளையில் அவையின் பளுவும் சாதாரணமல்ல. பட்ஜெட் நிறைவேற அன்று மூன்றில் இரண்டு பங்கு, 54 வாக்கு தேவை. 1992இல் ஆளுநர் பீட் வில்சனும் பிரவுனும் கல்வி நிதியில் முட்டிக்கொண்டு, ஜூலை 1க்குள் வர வேண்டிய பட்ஜெட் இரண்டு மாதம் தள்ளி செப்டம்பரில் வந்தது. நடுவில் ஊழியர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் மாநில அரசு பணத்துக்குப் பதில் கடன் சீட்டு கொடுத்தது. இந்த முட்டலில் பிரவுனுக்கும் சம பங்கு உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

கடைசி ஆட்டம் 1994 இறுதியில். நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கு 41, ஜனநாயகக் கட்சிக்கு 39. பேரவையின் குடியரசுக் கட்சித் தலைவர் ஜிம் புருல்டி சபாநாயகராவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோது பால் ஹார்ச்சர் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர், கட்சியை விட்டு விலகிப் பிரவுன் பெயரைச் சொன்னார். 40க்கு 40. அடுத்து ரிச்சர்ட் மவுண்ட்ஜாய் விவகாரம். அவர் ஒரே நாளில் பேரவைக்கும், செனட்டில் காலியான ஓர் இடத்துக்கும் தேர்வாகியிருந்தார். அந்த செனட் இடம் காலியானதே, இறால் வழக்கில் தண்டனை பெற்ற ஃபிராங்க் ஹில் வெளியேறியதால்தான். புருல்டிக்கு வாக்களிப்பதற்காக மவுண்ட்ஜாய் செனட் உறுதிமொழியைத் தள்ளிப்போட்டார். ஒருவர் இரண்டு அவையில் இருக்க முடியாது என்று 1995 ஜனவரியில் 40க்கு 39 வாக்கில் அவரைப் பேரவையிலிருந்து நீக்கினார்கள். இப்போது மொத்தம் 79 பேர், பெரும்பான்மைக்கு 40 போதும். அதே 40க்கு 39இல் பிரவுன் மறுபடி சபாநாயகர்.

இதற்கு மறுமொழி சொன்னவர்கள் வாக்காளர்கள். உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை கலிபோர்னியாவில் உண்டு. 1995 மே மாதம் ஹார்ச்சரின் பதவியை அவர் தொகுதி மக்களே பறித்தார்கள். மீண்டும் கணக்குக் குறைந்தது. ஜூனில் பிரவுன் விலகினார், ஆனால் நாற்காலியைப் புருல்டிக்குக் கொடுக்கவில்லை. செனட் இடைத்தேர்தலில் தன் கட்சி தன்னைக் கைவிட்டதால் மனம் வெதும்பியிருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் டோரிஸ் ஆலனுக்கு 39 ஜனநாயகக் கட்சி வாக்குகளையும் திருப்பிவிட்டார். அவருடைய சொந்த வாக்கோடு 40. கலிபோர்னியாவின் முதல் பெண் சபாநாயகர் அப்படித்தான் வந்தார். செப்டம்பரில் அவர் விலக, நவம்பரில் அவர் தொகுதியும் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. பிரவுனின் சாமர்த்தியத்தைப் பாராட்டுபவர்கள், அதற்கு ஹார்ச்சரும் ஆலனும் கொடுத்த விலையையும் சேர்த்தே எழுத வேண்டும். பிரவுனோ 1995 டிசம்பரில் மேயர் தேர்தலில் வென்று, 2004 ஜனவரிவரை சான் பிரான்சிஸ்கோவை ஆண்டார்.

பதினான்கரை ஆண்டு ஒருவர் அமர்ந்த நாற்காலியில், 1995 ஜூன் தொடங்கி 2008 மேவரை எட்டுப் பேர் மாறி மாறி அமர்ந்தார்கள். 6 ஆண்டு வரம்பு என்றால் கணக்கு இப்படிப் போகும்: முதல் இரண்டாண்டு மசோதா நடைமுறையைக் கற்க, அடுத்த இரண்டாண்டு தலைமைக்கு ஓட, கடைசி இரண்டாண்டு அடுத்த பதவியைத் தேட. வரம்பு இல்லாதவர்கள் யார்? லாபியிஸ்டுகளும் துறை அதிகாரிகளும். அவையில் யாருக்கும் இல்லாத ஞாபகம் அவர்களிடம் தங்கிவிட்டது. இதை உணர்ந்துதான் 2012இல் 28ஆம் எண் முன்மொழிவு மூலம் விதியை மாற்றினார்கள். மொத்தம் 12 ஆண்டு, முழுவதையும் ஒரே அவையில் கழிக்கலாம். அதன்பின் வந்த ஆந்தனி ரெண்டன் 2016 முதல் 2023வரை ஏழாண்டு சபாநாயகராக இருக்க முடிந்தது. பட்ஜெட்டுக்கான மூன்றில் இரண்டு பங்கு விதியும் 2010இல் சாதாரணப் பெரும்பான்மையாகிவிட்டது, வரி உயர்த்த மட்டும் பழைய அளவு தொடர்கிறது.

தங்களிடம் என் வேண்டுகோள் இது. அமெரிக்க மாநில அவைகள் பற்றிய செய்தியில் 'சபாநாயகர்' என்று எழுதும் இடத்தில், முதல் முறையாவது 'பெரும்பான்மைக் கட்சித் தலைவரான சபாநாயகர்' என்று எழுதுங்கள். மொத்த இடம் எத்தனை, பெரும்பான்மை எத்தனை என்ற இரண்டு எண்களைச் சேர்த்துப் போடுங்கள். துளசேந்திரபுரத்தில் கமலாவுக்காகப் பூசை நடந்த செய்தியைப் படங்களோடு வெளியிட்ட தமிழ்ப் பத்திரிகைகளில், அவர் அரசியலில் காலெடுத்து வைத்த சாக்ரமெண்டோவில் அன்று யார், எந்த எண்ணிக்கையை வைத்து ஆண்டார் என்பதற்கும் இரண்டு பத்தி இடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மன்னார்குடி.